அனுமதிக்கப்பட்ட ஒரே பக்கம்

மண்ணூர் கூட்டுரோட்டில் பிடித்து வண்டியில் ஏற்றியபோது தங்கமாரியின் பையில் ஒரு சாப்பாட்டு டப்பாவும், கம்பெனி அடையாள அட்டையும், பாதி படித்த ஒரு நாவலும் இருந்தன. முதல் இரண்டைப் பற்றி அரசாங்கத்துக்கு ஆட்சேபம் எதுவும் இருக்கவில்லை.

விளாத்திகுளம் பக்கத்துப் பெண் அவள். ஒரகடத்தில், செல்போனுக்குள் போகிற ஏதோ ஒரு துண்டைச் செய்கிற கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றாள். அந்தத் துண்டு செல்போனுக்குள் எங்கே போய் உட்காரும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஹாஸ்டலுக்கும் கம்பெனிக்கும் நடுவே பஸ்ஸில் கழிகிற நேரம்தான் அவளுடைய சொந்த நேரம். அதில் கதைப் புத்தகம் படிப்பாள்.

ஹாஸ்டல் குழாயில் தண்ணீர் மஞ்சளாக வந்து, பெண்கள் வரிசையாக வாந்தியெடுக்கத் தொடங்கியதும், கொதிக்க வைத்துக் குடிக்கும்படி வார்டன் அறிவித்தார். அறையில் அடுப்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஹாஸ்டல் விதி. இரண்டையும் ஒரே பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள். அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் பெண்கள் ரோட்டில் போய் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது. பலர் எழுந்தார்கள். தங்கமாரி, "தண்ணி நல்லா வரட்டும் சார், எந்திரிக்கோம்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை விரித்தாள். கையில் புத்தகம் வைத்திருப்பவள்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கணித்தார். அப்படித்தான் அவளுக்கு ஒரு நாளில் தலைமைப் பதவி கிடைத்தது.

அந்தப் பதவியோடு அவளைக் கொண்டுபோய் இறக்கிய இடம் அந்த வட்டாரத்துப் பெண்கள் கிளைச் சிறை. வாசலில் பை சோதனை, உடம்புச் சோதனை, வரிசையில் நிற்க வைத்துத் தலை எண்ணுதல் எல்லாம் முடிந்தபோது, வேறு ஒரு கம்பெனிக்கு மாற்றிவிட்டார்களோ என்று தங்கமாரிக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. காவலர் தாயாரம்மாள்தான் அதைத் தீர்த்து வைத்தார். காஞ்சிபுரத்துக்காரர். புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து உதறினார்.

"இன்னாம்மா இது?"

"புஸ்தகம்க்கா."

"அது தெரியுது. இன்னாத்துக்கு?"

"படிக்கதுக்கு."

தாயாரம்மாள் பக்கங்களை ஒருமுறை விசிறிப் பார்த்தார். இருபது வருஷ சர்வீஸில் பீடி பிடித்திருக்கிறார், பிளேடு பிடித்திருக்கிறார், சோற்றுக்குள் புதைத்த சிம் கார்டு பிடித்திருக்கிறார். புத்தகத்தை என்ன தலைப்பில் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், "அட்டை கெட்டியா கீது. மண்டைல போட்டா ஆள் காலி" என்று அட்டையை மட்டும் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கண்காணிப்பாளர் மேசைக்கு அனுப்பினார்.

கண்காணிப்பாளர் ஜெயம் நேர்மையானவர், கறாரானவர். விதி என்று ஒன்று இருந்தால் அதைக் கையெடுத்துக் கும்பிடுகிறவர். தங்கமாரி போய் நின்றதும் சிரித்த முகமாகவே பேசினார்.

"படிக்கணுமா? தாராளமா படிக்கலாம். கைதி புத்தகம் படிக்கலாம்னு விதியே இருக்கு. ரொம்ப நல்ல விதி. ஆனா அதுக்கு முன்னாடி ஆபீசர் ஒருத்தர் அதை முழுசா படிச்சுப் பாத்து, ஆட்சேபிக்க ஒண்ணுமில்லேன்னு சொல்லணும்."

"அப்ப நீங்களே படிங்க மேடம். நல்லாருக்கும்."

"நானா?" ஜெயம் பதறிப்போனார். "எனக்கு வேலை இருக்கும்மா."

"இல்ல மேடம், நான் பாதியில விட்டுட்டு வந்துட்டேன். அதுல ஒருத்தி கெணத்துக்குள்ள இறங்கிக்கிட்டு இருக்கா. முத்துப்பேச்சின்னு பேரு. ஆட்டுக்குட்டி விழுந்துட்டு, அதத் தூக்க இறங்குதா. மேல கயித்தப் புடிச்சிருக்கவன் யாருன்னா அவ கொழுந்தன். அவன்மேல இவ நெலத்துக்குக் கேஸ் போட்டிருக்கா. கயித்த விட்டானா புடிச்சானான்னு தெரியல மேடம். அது தெரிஞ்சா போதும்."

ஜெயம் புத்தகத்தை விட்டு நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"கிணறு, கயிறு, ரெண்டுமே இருக்கா?"

புத்தகம் சிறை நல அலுவலர் சீனிவாசனிடம் ஆய்வுக்குப் போயிற்று. கைதிகளின் மனநலத்துக்குப் பொறுப்பானவர் அவர். தன் மனநலத்தைப் பாதுகாப்பதிலேயே பெரும்பாலும் அவருக்கு நேரம் போய்விடும். தங்கமாரி ஒவ்வொரு நாளும் அவர் அறை வாசலில் போய் நின்று கேட்டாள். ஆய்வில் இருக்கிறது என்றார். ரிமாண்டை நீட்டினார்கள். மறுபடி நீட்டினார்கள். புத்தகம் ஆய்விலேயே இருந்தது. கடைசியில் ஒரு நாள் அவர் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முகம் கவலையாக இருந்தது.

"முதல் அத்தியாயம் முடிச்சிட்டேன்மா. விஷயம் நீ நினைக்கிற மாதிரி இல்ல. இதுல கதவு திறக்குது."

"வீட்டுக் கதவு சார்."

"எந்தக் கதவா இருந்தா என்ன? திறக்குது. அத்தியாயம் முடியறதுக்குள்ள நாலஞ்சு தடவ திறந்துடுது. ஒரு தடவகூட யாரும் யார்கிட்டயும் அனுமதி கேக்கல. அவபாட்டுக்குத் திறக்கறா, அவபாட்டுக்கு வெளிய போறா. உள்ள இருக்கிற பொண்ணுங்க இதப் படிச்சா மனசு என்ன ஆகும்?"

"சார், கதவத் திறக்காம கதையில வேற எப்படித்தான் வெளிய போறது?"

"அதைத்தான் நானும் சொல்றேன். ஏன் வெளிய போகணும்?" சீனிவாசன் குரலைத் தாழ்த்தினார். "படிக்கணும்னு ஆசை வரும்போது என்ன செய்யணும் தெரியுமா? கண்ண மூடிக்கிட்டு மூச்ச நல்லா இழுத்து விடணும். கொஞ்ச நேரத்துல போயிடும். சிகரெட்டுக்கும் இதையேதான் சொல்றோம். நல்லா வேலை செய்யுது."

தங்கமாரி கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள். மேசை மேலிருந்த புத்தகத்தின் காகித வாசனை மூக்கில் ஏறியது. ஆசை அதிகமாயிற்று.

அந்த வாரம் மனு பார்க்க, அதாவது கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று பேச, ஹாஸ்டல் தோழி கனிஷ்கா சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். கம்பெனியில் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள் என்றாள். ரோட்டில் உட்கார்ந்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலையும் திரும்பக் கிடைக்கும், ஜாமீனுக்கும் யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள். கூடப் பிடிபட்ட மற்றவர்கள் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

"ஒரு வார்த்தைதான்ட்டீ. சொல்லிட்டு வந்துரு."

"தண்ணி எப்படி வருது?"

கனிஷ்கா தலை குனிந்தாள். "மஞ்சளாத்தான்."

"பெறவு என்னத்தத் தப்புங்கச் சொல்லுதான்?" என்றாள் தங்கமாரி. "நான் சொல்ல மாட்டேன். நீ தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சு வக்கீலுகிட்ட குடு. போ."

இந்தச் சமயத்தில்தான் சிறைக்கு நூலகம் வந்தது. வழங்கியது, அதிசயம் ஒன்றுமில்லை, தங்கமாரியின் கம்பெனியேதான். லாபத்தில் ஒரு பங்கைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் இருப்பதால், கம்பெனியின் சமூகப் பொறுப்பு அதிகாரி வசந்த் அக்கம்பக்கத்தில் சமூகம் எங்கே இருக்கிறது என்று தேடி, கடைசியில் அதைச் சிறையில் கண்டுபிடித்திருந்தார். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய அலமாரி வந்து இறங்கியது. அதற்கு மூன்று பூட்டு. திறப்பு விழாவுக்கு நீதிபதி வர ஒப்புக்கொண்டார். பந்தல் போட்டாயிற்று. பிரியாணிக்குச் சொல்லியாயிற்று. விழாவுக்கு முந்தின நாள்தான், அலமாரிக்குள் வைக்கப் புத்தகம் வரவில்லை என்பதை யாரோ கவனித்தார்கள். புத்தகம் வேறு டெண்டராம்.

வசந்த் சளைக்கவில்லை. கம்பெனியிலிருந்து வண்டி நிறைய வந்தது: செல்போன் பயன்படுத்தும் முறையைப் பல மொழிகளில் விளக்கும் கையேடுகள், தீயணைப்புப் பயிற்சிப் புத்தகங்கள், வழவழப்பான ஆண்டறிக்கைகள். அடுக்கினார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் முன்வரிசையில் கதைப் புத்தகம் ஒன்றாவது இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஜெயம் அபிப்பிராயப்பட்டார். சிறையில் இருந்த ஒரே கதைப் புத்தகம் சீனிவாசனின் மேசையில் ஆய்வில் இருந்தது. அதற்குப் பளபளவென்று ஒரு தாளை அட்டையாக ஒட்டி, முதல் பக்கத்தில் அரசு முத்திரை குத்தி, நடுநாயகமாக வைத்தார்கள். கைதி படிக்கத்தான் அது ஆபத்து. காட்சிக்கு ஆபத்தில்லை.

போட்டோவுக்குப் படிக்கிற மாதிரி உட்கார ஒரு கைதி வேண்டியிருந்தது. பலரை உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஒருத்தி புத்தகத்தை முறம் மாதிரி பிடித்தாள். படப்பையில் தன் நிலத்துக்காகக் கேஸ் போட்டுவிட்டு, அதைத் தோண்ட வந்த ஜேசிபிக்கு முன்னால் படுத்து, அரசுப் பணியைத் தடுத்ததாக உள்ளே வந்த சொர்ணம்மாள், "இத வச்சிகினு நான் இன்னா பண்ணணும், விசிறிக்கவா?" என்று கேட்டாள். தங்கமாரிதான் சரியாகப் பிடித்தாள்.

விழா தொடங்கியது. வசந்த் மைக்கைப் பிடித்தார். "புத்தகம் ஒரு மனிதனைப் பண்படுத்துகிறது. ஒரு தொழிலாளியின் கையில் புத்தகம் இருந்தால் அவர் ஒருநாளும் சாலையில் போய் உட்கார மாட்டார் என்பதை எங்கள் நிறுவனம் உறுதியாக நம்புகிறது" என்றார். சாலையில் புத்தகத்தோடு உட்கார்ந்து பிடிபட்டவள் அவருக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் இருந்தாள். கைதட்டினார்கள்.

அடுத்து ஜெயம் பேசினார். "இந்த நூலகத்தை நாங்கள் கண்ணை இமை காப்பதுபோல் காப்போம். இங்கே ஒரு புத்தகம்கூடத் தொலையாது, ஒரு பக்கம்கூட மடங்காது, கைரேகைகூடப் படாது. அடுத்த ஆண்டு இதே நாளில் வந்து பாருங்கள், இன்றைக்கு வைத்தது வைத்தபடியே இருக்கும். இது என் வாக்குறுதி." இதற்கும் கைதட்டினார்கள். நீதிபதி மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தட்டினார்.

இவ்வளவு நேரமும் தங்கமாரி எதையும் கேட்கவில்லை. கையில் கொடுத்ததும் அவளுடைய விரல் தானாகப் போய் விட்ட இடத்தைத் திறந்துவிட்டது. போட்டோ எடுத்து முடித்து, "போதும், குடு" என்று சீனிவாசன் கையை நீட்டியதுகூட அவள் காதில் விழவில்லை. நீதிபதி அருகில் வந்து குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, படிக்கிற மாதிரி நடிக்கிறியா, நிஜமாவே படிக்கிறியா?"

"நிஜமாத்தான் படிக்கேன் அய்யா. ஒரு நிமிஷம் இருங்க, இந்தப் பக்கத்த முடிச்சிக்கிடுதேன்."

சீனிவாசன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். நீதிபதி சிரித்துவிட்டார். "படிக்கட்டும், படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த விழாவுக்குக் கிளம்பினார்.

அவர் காரேறியதும் சிக்கல் ஆரம்பித்தது. 'படிக்கட்டும்' என்றது உபசார வார்த்தையா, நீதிமன்ற உத்தரவா? உபசாரம் என்றால் புத்தகத்தைப் பிடுங்கிவிடலாம். உத்தரவு என்றால் பிடுங்குவது அவமதிப்பு. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்கள். மேலிடம் தன் மேலிடத்தைக் கேட்டது. வந்த விளக்கம் இதுதான்: நீதிபதி அவர்கள் சொன்ன நேரத்தில் அந்தக் கைதி எதைப் படித்துக்கொண்டிருந்தாரோ, அதைப் படிக்க மட்டுமே அனுமதி வழங்கப்பட்டதாகக் கருதப்பட வேண்டும். எதைப் படித்துக்கொண்டிருந்தாள்? போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பக்க எண் தெளிவாகத் தெரிந்தது.

ஆக, தங்கமாரிக்கு ஒரு பக்கம் அனுமதிக்கப்பட்டது.

தினமும் காலையில் அவளை அதே நாற்காலியில், அதே கோணத்தில், அலமாரிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். தாயாரம்மாள் பூட்டுகளைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்து, அது தாண்டிவிடாதபடி ஓரத்தில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு நிற்பார். தங்கமாரி சத்தமாகவே படித்தாள். மற்ற பெண்கள் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். முத்துப்பேச்சி பாதிக் கிணற்றில் தொங்கினாள். கீழே ஆட்டுக்குட்டி கத்தியது. மேலே நின்ற கொழுந்தன் கயிற்றை மெல்லத் தளர்த்தி, குனிந்து, கிணற்றுக்குள் பார்த்து... அத்தோடு பக்கம் முடிந்துவிடும். மறுநாளும் முத்துப்பேச்சி அதே இடத்தில் தொங்குவாள். கொழுந்தன் அதே மாதிரி குனிவான்.

"அப்பால இன்னாதான் பண்ணான் அந்தக் கம்மனாட்டி?" சொர்ணம்மாளுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "வுட்டானா, புடிச்சானா?"

"அடுத்த பக்கத்துல இருக்கு."

"திருப்பேன்!"

"அக்கா வெரல எடுக்கணுமே."

எல்லாரும் தாயாரம்மாளின் கட்டைவிரலைப் பார்த்தார்கள். தாயாரம்மாள் கூரையைப் பார்த்தார். "என்னிய ஏன் பாக்குறீங்கோ? எனுக்கு மட்டும் தெரியுமா? வூட்ல போய் தெரியாத்தனமா சொல்லிட்டேன். என் மாமியா தெனம் வாசல்லயே குந்திகினு கேக்குது, இன்னிக்காச்சும் தூக்கனானான்னு. பேஜாரா கீது."

அப்படியே நாட்கள் போயின. ஒரு காலையில் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்ததும், தாயாரம்மாளுக்குத் தலையில் ஏதோ அரித்தது. கட்டைவிரலால்தான் சொறிந்தாக வேண்டும் போல. தங்கமாரி பக்கத்தைப் புரட்டினாள்.

"'வழக்கை வாபஸ் வாங்குகிறேன் என்று சொல். சொன்னால்தான் தூக்குவேன்' என்றான் கொழுந்தன்" என்று ஒரே மூச்சில் படித்தாள். பெண்கள் கூட்டம் "அடப் பாவி" என்றது. அந்தச் சத்தத்தில் சீனிவாசன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அடுத்த வரியைத் தங்கமாரியின் கண் தொடுவதற்குள் விசில் ஊதிவிட்டார்.

அன்று மாலையே விசாரணை. ஜெயம் நடுவில் உட்கார்ந்திருந்தார். சீனிவாசன் குற்றச்சாட்டை எழுந்து நின்று வாசித்தார்: "காட்சிக்கென வைக்கப்பட்ட அரசு உடைமையை அனுமதியின்றி அதன் உபயோகத்துக்கு உட்படுத்தியது. அனுமதிக்கப்பட்ட பக்கத்திலிருந்து அனுமதிக்கப்படாத பக்கத்துக்குத் தப்பிச் செல்ல முயன்றது. உடனிருந்த கைதிகளையும் உடன் அழைத்துச் சென்றது."

"ஏம்மா," ஜெயத்தின் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது, "ஒரு பக்கம் குடுத்தோமே, பத்தலியா? எவ்வளவு கைதிங்க எவ்வளவு ஜெயில்ல ஒரு வரிகூட இல்லாம இருக்காங்க தெரியுமா? நாற்காலி இருக்கறது உக்கார. விளக்கு இருக்கறது எரிய. ஆனா நூலகம்னு ஒண்ணு இருக்கறது, இருக்கறதுக்காகத்தான். அது இருந்தாலே ஜெயிலுக்கு மரியாதை. எல்லாரும் எடுத்துப் படிச்சா அப்புறம் நூலகம் எங்க இருக்கும்?"

தங்கமாரி லைனில் சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் திட்டும்போது நிற்பதுபோல் நின்றாள்.

சீனிவாசன் கனிவாக உதவிக்கு வந்தார். "பக்கத்த புரட்டினது தப்பு, இனிமே புரட்ட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. எல்லாத்தையும் இதோட விட்டுடலாம்."

ஒரு வார்த்தை என்றதும் அவளுக்குள் ஏதோ நிமிர்ந்தது. ரோட்டுக்கும் ஒரு வார்த்தை கேட்டார்கள். இதற்கும் ஒரு வார்த்தை. இந்த ஒரு வார்த்தையை வாங்கி வாங்கி எங்கே கொண்டுபோய் அடுக்குகிறார்களோ, அதற்கும் கண்ணாடி அலமாரி செய்து வைத்திருக்கிறார்களோ என்று தோன்றியது.

"தப்பில்ல சார்," என்றாள். "புஸ்தகம்னா பொரட்டத்தான் செய்வாங்க. நாளைக்கும் பொரட்டுவேன். நீங்க வெரல வச்சு அமுக்கினா மூக்கால பொரட்டுவேன்."

புத்தகம் அலமாரிக்குள் போயிற்று. மூன்று பூட்டும் விழுந்தன. தங்கமாரிக்கு மனு பார்ப்பது நிறுத்தப்பட்டது. தனி அறையில் போட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தது. பெண்கள் வரிசையாக வந்தார்கள், தட்டைத் தரையில் கவிழ்த்து வைத்தார்கள், அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். தனி அறைக் கம்பியின் வழியே தங்கமாரிக்கு எல்லாம் தெரிந்தது. அவள் யாரையும் தூண்டியிருக்கவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஜெயம் ஓடி வந்தார்.

"என்ன இது? சோத்துல என்ன குறை?"

சொர்ணம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "சோத்துல ஒரு கொறையும் இல்ல மேடம். அங்க ஒருத்தி கெணத்துல தொங்கிகினு கீறா. நாங்க இங்க குந்திகினு சோறு துன்னணுமா?"

"அது கதைம்மா! அவ நிஜத்துல இல்ல!"

"அத்த நீ சொல்லாத மேடம். கேஸ வாபஸ் வாங்குன்னு என்னியும் கேட்டான், ஜேசிபிக்காரன். அவளக் கேக்குறான். இந்தப் பொண்ணையுந்தான் கேக்குறீங்கோ. நாங்க கேட்டுக்கறது ஒண்ணுதான். அவ இன்னா பதில் சொன்னா? அது தெரியாம தட்ட நிமுத்த மாட்டோம்."

ஜெயம் சீனிவாசனைத் திரும்பிப் பார்த்தார். "என்ன பதில் சொன்னா?" சீனிவாசன் முதல் அத்தியாயத்தைத் தாண்டவே இல்லை.

மேலிடத்துக்குப் போன் போட்டார்கள். உண்ணாவிரதத்துக்கு என்ன காரணம் என்று மேலிடம் கேட்டது. பக்கம் என்று சொன்னபோது, எந்தப் பக்கத்துக் கட்சி என்று கேட்டது. விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் ஜெயத்துக்கு வியர்த்துவிட்டது. அதோடு, நீதிபதி மறுநாள் சிறையைப் பார்வையிட வருகிறார் என்ற செய்தியும் அந்தப் போனிலேயே வந்தது. அவர் வரும்போது தட்டெல்லாம் கவிழ்ந்து கிடந்தால்?

ஜெயம் விதிப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. ஆபீசர் ஒருவர் புத்தகத்தை முழுதாகப் படிக்க வேண்டும் என்றுதானே விதி? கண்ணால் படிக்க வேண்டும் என்று இல்லையே. கைதி சத்தமாக வாசிக்கட்டும். ஆபீசர்கள் காதால் கேட்டு ஆய்வு செய்யட்டும். ஆய்வு நடக்கும்போது மற்றக் கைதிகள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் அதைத் தடுக்க விதியில் இடமில்லை.

தங்கமாரியைத் தனி அறையிலிருந்து கூட்டி வந்தார்கள். பூட்டு, பூட்டு, பூட்டு. தாயாரம்மாள் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார், இந்தத் தடவை இரண்டு கையாலும். சீனிவாசன் ஆட்சேபகரமான இடங்களில் கோடு போடச் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

தங்கமாரி படித்தாள். "முத்துப்பேச்சி அண்ணாந்து பார்த்தாள். கிணற்றுச் சுவரில் கல் துருத்திக்கொண்டிருந்தது. ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டு முந்தானையால் இறுக்கினாள். 'நீ கயிற்றை விட்டுவிடு. நான் கல்லைப் பிடித்து ஏறி வருகிறேன். வந்த பிறகு உன்னிடம் பேசுகிறேன்' என்றாள்."

முற்றம் அதிர்ந்தது. தட்டுகள் நிமிர்ந்தன, சிலது சோறு வாங்க, சிலது தாளம் போட. தாயாரம்மாள், "மெய்யாலுமே சொன்னாளா? இன்னொரு தபா படி" என்றார், மாமியாருக்கு வார்த்தை மாறாமல் சொல்ல வேண்டுமே. சீனிவாசனின் சிவப்புப் பேனா எப்போதோ கீழே விழுந்திருந்தது; அவர் அதைத் தேடவே இல்லை.

மறுநாள் நீதிபதி வந்து, தட்டெல்லாம் நிமிர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போனார். அதன்பின் தினமும் ஆய்வு நடந்தது. தொடக்கத்தில் ஜெயத்தின் நாற்காலி அலுவலக வாசலில் இருந்தது. பிறகு வராந்தாவுக்கு வந்தது. பிறகு முற்றத்துக்கு இறங்கியது. ஆய்வுக்கு இடைஞ்சல் என்று டெலிபோனை எடுத்துக் கீழே வைத்துவிட்டதாகவும் பேச்சு. கதவு திறக்கிற இடங்களில் சொர்ணம்மாள், "தொறந்தாச்சு, எய்திக்கோ சார்" என்று சீனிவாசனுக்கு ஞாபகப்படுத்துவாள். தங்கமாரியின் தொண்டை கட்டினால் காவலர் வீட்டிலிருந்து பனங்கற்கண்டு வந்தது.

கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சமிருந்த ஒரு மாலையில் ஜாமீன் வந்தது. யாரும் எந்த ஒரு வார்த்தையும் சொல்லாமலே வந்தது. கனிஷ்காவும் ஹாஸ்டல் பெண்களும் பாட்டில் பாட்டிலாக மஞ்சள் தண்ணீரைக் கோர்ட்டுக்கே கொண்டுபோய் வக்கீல் மேசையில் வரிசை வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றைக் குடித்துக் காட்ட முடியுமா என்று கம்பெனி வக்கீலிடம் கேட்கப்பட்டதாம். அவர் தனக்குத் தாகம் இல்லை என்றாராம். வாசலில் நின்ற கனிஷ்கா எல்லாச் செய்தியையும் தாயாரம்மாளிடம் தங்கமாரிக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"தங்கமாரி, கிளம்பு. ஜாமீன் ஆனவள ஒரு நிமிஷம்கூட உள்ள வச்சிருக்கக் கூடாது. விதி" என்றார் ஜெயம். சொல்லிவிட்டு அவரே புத்தகத்தைப் பார்த்தார்.

"கடைசி அத்தியாயம் இருக்கே மேடம்."

"வேகமா படிச்சிட முடியுமா?"

"வேகமா படிச்சா ருசிக்காது மேடம்."

வெளியே பெண்கள் காத்திருந்தார்கள். உள்ளேயும் பெண்கள் காத்திருந்தார்கள். ஜெயம் எழுந்து போய், ஜாமீன் உத்தரவைக் கவரோடு மேசை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். "தபால் இன்னும் பிரிக்கல" என்றார். "படி."

அந்தக் கதை எப்படி முடிந்தது என்று இங்கே சொல்வதற்கு அனுமதி இல்லை. ஆபீசர்கள் உட்பட எல்லாரும் அழுதார்கள், அதன் பிறகு எல்லாரும் சிரித்தார்கள் என்பது வரை சொல்லலாம்.

தங்கமாரி எழுந்து புத்தகத்தைச் சொர்ணம்மாளின் மடியில் வைத்தாள். "எழுத்துக் கூட்டிப் படிப்பீங்கல்லா? மொத அத்தியாயத்துல இருந்து ஆரம்பிங்க. நீங்க பாதியிலதான வந்தீங்க."

அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெயம் சட்டென்று கண்காணிப்பாளர் ஆனார். "அதெல்லாம் முடியாது. முத்திரை குத்தியிருக்கு. அரசு உடைமை. ஆய்வும் முடிஞ்சுது. அது அலமாரிக்குப் போகணும், பூட்டணும்."

"பூட்டினீங்கன்னா நான் திரும்ப வந்துருவேன் மேடம்."

"எப்படிம்மா வருவே? இது என்ன லாட்ஜா, நினைச்சா வந்து தங்க?"

"தண்ணி இன்னும் மஞ்சளாத்தான் வருது. விடிஞ்சதும் எல்லாரும் ரோட்டுல போய் உக்காரப் போறோம். நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாம், அவங்களே வண்டி வச்சுக் கூட்டிட்டு வந்துருவாங்க." தங்கமாரி சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "வரும்போது வேற புஸ்தகம் கொண்டாரேன் மேடம். இதவிடத் தடிச்சது."